முப்பத்தாறு இறாத்தல் செல்வநாயகி

செல்வநாயகி எழும்பி நடந்ததுதான் பிழை. பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கும் தொல்லையில்லை, கூட்டுறவுச் சங்கத்துக்கும் தொல்லையில்லை, டொக்டர் அருளம்பலம் அவர்களின் ஆராய்ச்சியும் ஒரு கீறல் படாமல் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் அப்படித்தான் கிடந்தாள். அச்சுவேலிக்குக் கிழக்கே, செம்மண் தோட்டமும் கிணறுமாக ஒரு குறையும் இல்லாத வீடு. புருஷன் தம்பிஐயா வெங்காயம் செய்கிறவர். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். அதனால் ஊருக்குக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாத வருத்தத்தை ஊர் மன்னிக்காது. "உவளுக்கு என்ன குறை? கொழுப்பு" என்றார்கள். என்ன குறை என்று செல்வநாயகிக்கும் தெரியவில்லை. சீப்பெடுத்துத் தலை இழுக்க மனமில்லை, அடுப்பு மூட்ட மனமில்லை, விடிகிறதே என்று விடியற்காலையில் அழுகை வந்தது. கடைசியில் தம்பிஐயா அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழுந்துவிடாமல் சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஏழு மைல் உழக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மனநோய்ப் பகுதியில் சின்ன நீலக் குளிசை கொடுத்தார்கள். ஆறாவது கிழமை அவள் எழும்பி வந்து, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டாள். தம்பிஐயா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதார்.

குளிசை நல்ல குளிசை. அதிலே குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதைப் போட்டால் வாய் காய்ந்தது. காய்ந்த வாய்க்குத் தேத்தண்ணி குடித்தாள். சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் அது, எழுபத்துநாலாம் ஆண்டு. எனவே தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்தாள். பசியென்றால் அப்படி ஒரு பசி. புட்டு அவித்து இறக்க முன்னமே கை போயிற்று. பதினொரு மாதத்தில் சட்டை எல்லாம் பிரிந்தது. முழங்கால் நொந்தது. கரியரில் ஏறி இருந்தால் பின் ரியூப் வெடித்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. அதன்பிறகு அவள் பஸ்ஸில்தான் போனாள்.

அவளிடம் இருந்தது ஒரேயொரு கேள்வி. இந்தக் குளிசையாலேயா உடம்பு வைக்கிறது, குளிசையை விடாமல் உடம்பைக் குறைக்க என்ன வழி? பதில் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம்தான் அரசாங்கத்திடம் இருக்கவில்லை.

மனநோய்ப் பகுதியில் ஒரு தராசு இருந்தது. கொழும்பிலிருந்து வந்தது, வெள்ளைக்காரன் செய்தது, ஏறி நின்றால் முள் சுற்றும். திறப்பு விழாவன்று பத்திரிகைப் படத்துக்காகப் பிரதம விருந்தினரும் ஆஸ்பத்திரி அத்தியட்சகரும் ஒன்றாக அதில் ஏறி நின்றார்கள். இறங்கியபோது முள் தொண்ணூற்றெட்டு இறாத்தலில் நின்றது. அன்று நின்றது, பிறகு அசையவில்லை. திருத்தலாம்தான். ஆனால் திருத்துவதற்குப் பழுதென்று எழுத வேண்டும். பழுதென்று எழுதினால் யார் ஏறினார்கள் என்றும் எழுத வேண்டும். அதனால் தராசு நல்ல தராசாகவே இருந்தது. லொறி ஓட்டுகிற நாகலிங்கம் ஏறினாலும் தொண்ணூற்றெட்டு. அவருக்குப் பின்னால் எலும்பும் தோலுமாய் வந்த பெட்டை ஏறினாலும் தொண்ணூற்றெட்டு. தாதி எழுதிக்கொண்டே இருந்தாள்.

இதை வைத்து டொக்டர் அருளம்பலம் ஒரு ஆராய்ச்சி செய்தார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. கட்டுரையைக் கொழும்பிலே வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தவர், திங்கட்கிழமை நோயாளர் எல்லாரையும் மர வாங்குகளில் இருத்தி அதை எங்கள் பாஷையிலும் சொன்னார்.

"இங்கிலாந்திலை இந்தக் குளிசை எடுத்த சனம் பருக்குது. அவுஸ்திரேலியாவிலை பருக்குது. யாழ்ப்பாணத்திலை ஒரு இறாத்தல் கூடினதில்லை. ஏன்? எங்கடை உடம்பு பனை. பனை ஊதிப் பருத்ததை ஆரும் கண்டியளோ? நூற்றிப் பன்னிரண்டு நோயாளர், பதினொரு மாசம், எல்லாரும் தொண்ணூற்றெட்டு! உலகத்திலை எந்த ஆஸ்பத்திரியிலையாவது இப்பிடி ஒரு ஒற்றுமை இருக்குதோ? நான் தேடிப் பாத்திட்டன். இல்லை."

நாகலிங்கம் இருந்த வாங்கு முறிகிற சத்தம் கேட்டது. டொக்டர் அதைக் கவனிக்கவில்லை.

செல்வநாயகி எழும்பினாள். "ஐயா, நான் பருத்திட்டன்."

"உம்முடைய அட்டை எங்கை?" அட்டையைப் பார்த்தார். "தொண்ணூற்றெட்டு. நீர் பருக்கேல்லை."

"சட்டை கொள்ளுதில்லை ஐயா. இந்தக் குளிசையாலையோ எண்டு..."

"சட்டை சுருங்கியிருக்கும். தராசிலை நம்பிக்கை இல்லையெண்டால், போய் அரசாங்கம் ஒத்துக்கொண்ட வேறை தராசு ஒண்டிலை நிறுத்துக் கடுதாசி கொண்டுவாருமன்!"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டொக்டர் பகிடியாகச் சொன்னதை அவள் கட்டளை என்று எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள் சொல்வதை அப்படியே நம்புகிற வளர்ப்பு.

ஊரில் அரசாங்கம் ஒத்துக்கொண்ட தராசு ஒன்றுதான் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வெங்காயம் நிறுக்கிற மேடைத் தராசு. அதன் மனேச்சர் சோமசேகரம், சட்டத்தை விட்டு ஒரு நூல் விலகமாட்டார். தன் சொந்த மாமனாரின் வெங்காயத்தையே அழுகல் என்று திருப்பி அனுப்பிய மனுஷன். செல்வநாயகி வந்த நாள் வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டு ஈரத்தலையோடு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஏறினாள்.

"ஒரு அந்தர், இருபத்தொன்பது இறாத்தல்" என்று சோமசேகரம் படித்தார். அந்தருக்கு நூற்றுப்பன்னிரண்டு, ஆக மொத்தம் நூற்றுநாற்பத்தொன்று. செல்வநாயகிக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. தனக்கு விசர் இல்லை, தராசுக்குத்தான் விசர்.

சங்கத்தில் இருந்தது ஒரே ஒரு படிவம், வெங்காயக் கொள்வனவுப் படிவம். சோமசேகரம் அதை நிரப்பத் தொடங்கினார். "சாக்குக் கழிவு மூண்டு. ஈரக் கழிவு நாலு."

"அண்ணை, நான் சாக்கிலை வரேல்லையே."

"பிள்ளை, இந்தத் தராசிலை ஏறுற எந்தப் பொருளுக்கும் சாக்குக் கழிவு உண்டு. எனக்கு வேண்டியவை வேண்டாதவை எண்டு இல்லை. ஈரம் இல்லையெண்டு சொல்லுவீரோ? தலையாலை தண்ணி சொட்டுது."

தண்ணீர் சொட்டியது உண்மைதான். நூற்றுமுப்பத்துநாலு என்று எழுதி, தரம் என்ற இடத்தில் சற்று யோசித்து, மரியாதைக்கு 'முதலாந்தரம்' என்று போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அந்தக் கடுதாசி ஆஸ்பத்திரியில் வெடி போட்டது. அரசாங்க முத்திரை குத்திய கடுதாசியை நோயாளர் கோவையில் சேர்க்காமல் விட முடியாது. சேர்த்தால் டொக்டரின் கட்டுரை என்ன ஆவது? பிரதம லிகிதர் பஞ்சலிங்கம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையையும் கடுதாசியையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வநாயகியை மட்டும் பார்க்கவில்லை.

"அட்டையிலை உள்ள செல்வநாயகி தொண்ணூற்றெட்டு. நீர் நூற்றுமுப்பத்துநாலு. ஆனபடியால் நீர் அவ இல்லை. ஒராளின்ரை மருந்தை இன்னொராளுக்குக் குடுக்கச் சட்டம் இடம் தராது."

"ஐயா, நான்தான் அவ. குளிசை முடிஞ்சுபோச்சு."

"விசாரணை வைப்பம். அடுத்த திங்கள் வாரும்."

குளிசை இல்லாமல் ஏழு நாள். மூன்றாம் நாள் காலையில் அவள் கண் முழித்தபோது சுவர் முன்னால் நின்றது. அதே சுவர், அதே காரை பெயர்ந்த இடம். நெஞ்சுக்குள் பழைய கல் மெல்ல வந்து இருந்துகொண்டது. அவளுக்குப் பயம் பிடித்தது. எவ்வளவு பருத்தாலும் பரவாயில்லை, மெலிந்து இந்தச் சுவரோடு கிடக்கக் கூடாது என்று நினைத்தாள். "இஞ்சருங்கோ," என்று தம்பிஐயாவின் கையைப் பிடித்தாள். "என்னைப் பேந்தும் அந்தச் சுவரோடை விட்டிடாதேங்கோ." தம்பிஐயா அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. அவள் பக்கத்தில் இருந்து, வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. குழு என்றால் டொக்டரும் பஞ்சலிங்கமும்தான். தேத்தண்ணி மூன்று பேருக்கு வந்தது. டொக்டர் முதலில் நல்ல வார்த்தையாகத் தொடங்கினார். "நீர் கள்ளமாய்த் தின்னுறீர். குளிசையிலை பிழை இல்லை எண்டு நான் நிரூபிச்சிட்டன், அப்ப பிழை ஆரிலை?" அவர் லண்டனில் இருந்து கொண்டுவந்த உணவு அட்டவணை ஒன்றைக் கொடுத்தார். காலையில் ஒரு அப்பிள், மத்தியானம் அவித்த மாட்டிறைச்சி இரண்டு துண்டு. செல்வநாயகி பிறவிச் சைவம். அப்பிளை அரசாங்கம் இறக்குமதி செய்யாமல் நிறுத்தி நாலு வருஷம். "கிடைக்கிற நேரம் சாப்பிடும்" என்றார் டொக்டர்.

"தேகப்பயிற்சி செய்யிறீரோ? ஏதாவது நடக்கிறனீரோ?"

"விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுறன் ஐயா. பேந்து மாட்டுக்குப் புல்லு, பேந்து களை..."

"அது வேலை. நான் கேட்டது தேகப்பயிற்சி."

பஞ்சலிங்கம் இருமினார். முப்பது வருஷம் கோவைகளுக்குள் வாழ்ந்தவர். இப்படியான சிக்கலில்தான் அவருக்கு முகம் மலரும். "சேர், இதிலை ஒரு சிக்கலும் இல்லை. எங்கடை தராசும் சரி, சங்கத் தராசும் சரி. ரெண்டும் அரசாங்கத் தராசு, ரெண்டும் பிழைக்க ஏலாது. அப்ப என்ன முடிவு? தொண்ணூற்றெட்டு இறாத்தல் செல்வநாயகி ஒராள் இருக்கிறா. அவ சேரின்ரை குளிசையாலை பூரண சுகம், ஒரு இறாத்தலும் கூடேல்லை. அவவை நாங்கள் சந்தோஷமாய் அனுப்பிவைப்பம். மிச்சம் முப்பத்தாறு இறாத்தல் நிக்குது. அது ஆர்? அது புது ஆள். குளிசை ஒண்டும் எடுக்காத ஆள். அவ பருத்ததுக்கும் சேரின்ரை குளிசைக்கும் என்ன சம்பந்தம்? அவவுக்குப் புது அட்டை போடுவம்."

டொக்டர் அருளம்பலம் எழும்பி அவருக்குக் கைகொடுத்தார். "விஞ்ஞானத்துக்கு இப்பிடியான மூளைதான் வேணும் பஞ்சலிங்கம்."

புது அட்டை போட்டார்கள். பெயர்: செல்வநாயகி (2). வயது: முப்பத்தொன்பது. நிறை: முப்பத்தாறு இறாத்தல். குளிசை: முந்தின மாதிரி. செல்வநாயகிக்கு அந்தக் கடைசி வரி ஒன்றுதான் கண்ணில் பட்டது. மற்றது எந்தக் கோதாரியாவது இருக்கட்டும் என்று அட்டையை நெஞ்சோடு பிடித்தாள். வெளியே போகிற வழியில் போஷாக்குப் பகுதியில் அவளை மறித்தார்கள். முப்பத்தொன்பது வயதில் முப்பத்தாறு இறாத்தலா! அப்படி ஒரு எலும்புக்கூட்டை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தாதி கண்கலங்கினாள், "நல்லாச் சாப்பிடுங்கோ அம்மா" என்று சொல்லி ஆறு பக்கற் பால்மாவைக் கொடுத்தாள். ஒரு கையில் மெலிகிற அட்டவணை, மறு கையில் பருக்கிற பால்மா. செல்வநாயகி மருந்து யன்னலுக்குப் போனாள்.

யன்னலுக்குள் இருந்தவர் டிஸ்பென்சர் சூசைதாசன். கரையூர் மனுஷன், யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். குளிசையை எண்ணிக் கடுதாசிச் சரையில் போட்டவர், அவளையும் இரண்டு கையையும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்த முதல் மனுஷன்.

"அக்கா, வாய் காயுதோ?"

"ஓம் தம்பி. கொடுமையாய்க் காயுது."

"அதுக்கு என்ன குடிக்கிறியள்?"

"தேத்தண்ணி. பனங்கட்டியோடை."

"எத்தினை ஓலைக் குட்டான் பனங்கட்டி போகுது நாளைக்கு?"

செல்வநாயகி வெட்கப்பட்டுக்கொண்டு விரலைக் காட்டினாள். மூன்று.

"அதுதான். குளிசையாலைதான் உடம்பு வைக்குது, உங்களிலை பிழை இல்லை. குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ. வாய் காய்ஞ்சால் பச்சைத்தண்ணி குடியுங்கோ, இல்லாட்டி தேசிக்காய்த் தண்ணி, இனிப்புப் போடாமல். பனங்கட்டி நாளைக்கு ஒரு துண்டு. இரவிலை புட்டைப் பாதியாக்கி, கீரையைக் கூட்டுங்கோ. மெல்ல மெல்லக் குறையும். பால்மாவைக் கண்டுக்குட்டிக்குக் குடுங்கோ."

அரை நிமிஷம்கூட இல்லை. செல்வநாயகி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் அவள் போனபோது யன்னலில் வேறு ஆள். மருந்து கொடுக்கிறவர் நோயாளரோடு கதைத்தார் என்று சூசைதாசனை மன்னாருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் சொன்னது சொன்னபடி நடந்தது. உடம்பு மெல்ல இறங்கியது. மூன்று மாதத்தில் ஐந்து இறாத்தல். கன்றுக்குட்டிதான் பால்மாவில் உருண்டு திரண்டது. மாதாமாதம் சங்கக் கடுதாசியை அவள் கொண்டுபோக, பஞ்சலிங்கம் தொண்ணூற்றெட்டைக் கழித்து மிச்சத்தை எழுதுவார். மூன்றாம் மாதம் எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொண்டு. இது ஆபத்து. முப்பதுக்குக் கீழை போனால் பெரியாக்களின்ரை குளிசை தர ஏலாது. பிள்ளையள் பகுதிக்கு அனுப்பிவிடுவம். அங்கை வயித்துப் பூச்சிக்கு மருந்துதான் இருக்கு."

செல்வநாயகி வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தினாள். மெலிந்தால் குளிசை இல்லை. குளிசை இல்லாவிட்டால் சுவர். பருத்தே இருந்துவிடுவோமா? பனங்கட்டிக் குட்டானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "பாழ்படுவார்," என்றாள். "ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம். நான் என்னதான் செய்யிறது?"

தம்பிஐயா இருபது வருஷம் சங்கத்துக்கு வெங்காயம் போட்டவர். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பில் நல்ல எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. "அழாதை. உவங்கள் படிவத்தாலை எங்களை நிறுத்தால், நாங்களும் படிவத்தாலை உவங்களை நிறுப்பம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு சாக்கோடு சங்கத்தில் நின்றார். "மனேச்சர், என்ரை மனுசிக்கு நீங்கள் மாசாமாசம் சாக்குக் கழிவு கழிக்கிறியள். சாக்கு இல்லாமல் சாக்குக் கழிவு கழிக்கிறது சட்டமோ? கணக்குப் பாக்கிறவன் வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?"

சோமசேகரத்துக்கு வியர்த்தது. சங்க விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். "உண்மைதான். சாக்கு இருக்கவேணும். என்ரை கவலையீனம்."

"அப்ப சாக்கோடை நிறுங்கோ. சாக்குக்குள்ளை என்ன இருக்கு எண்டு படிவத்திலை கேள்வி இருக்கோ?"

படிவத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார் சோமசேகரம். "இல்லை" என்றார். நேர்மையான மனுஷன்.

அன்றிலிருந்து செல்வநாயகி சாக்கோடு தராசில் ஏறினாள். சாக்குக்குள் வெங்காயம். உடம்பில் ஒரு இறாத்தல் குறைந்தால் சாக்கில் ஒரு இறாத்தல் கூடியது. கடுதாசியில் எப்போதும் நூற்றுமுப்பத்துநாலு. அட்டையில் எப்போதும் முப்பத்தாறு. இரண்டாவது செல்வநாயகி அசையாமல் நின்றாள், கண்டவர்கள் மெச்சினார்கள். டொக்டர் அருளம்பலம் அவளை வைத்து இரண்டாவது கட்டுரையைத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

பத்து மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, செல்வநாயகி பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை இழுத்துப் பூ வைத்துக்கொண்டு டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். காலையில் சங்கத்தில் நிறுத்தபோது சாக்கில் இருபத்துநாலு இறாத்தல் வெங்காயம். டொக்டர் அட்டையைப் பார்த்தார், கடுதாசியைப் பார்த்தார். தலையைக் குனிந்தபடியே ஏசத் தொடங்கினார்.

"இன்னும் நூற்றுமுப்பத்துநாலு! ஒரு இறாத்தல், ஒரேயொரு இறாத்தல் குறைக்க ஏலாதோ உம்மாலை? அட்டவணை தந்தன். புத்தி சொன்னன். மெலிய வேணும் எண்ட எண்ணமே உம்மட்டை இல்லை. எல்லாம் சோம்பல். உம்மைப் போலை ஆக்களாலைதான் இந்த நாடு உருப்படாமல் கிடக்குது."

"ஐயா," என்றாள் செல்வநாயகி. "ஒருக்கா நிமிந்து பாருங்கோவன்."

"நிமிந்து பாத்து என்ன செய்யிறது? எல்லாம் அட்டையிலை கிடக்கு." கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். "அடுத்த ஆள்!"

அவள் யன்னலில் குளிசையை வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தின் கீழ் தம்பிஐயா சைக்கிளோடு நின்றார். அவள் கரியரில் ஏறி இருந்தாள். ரியூப் வெடிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது தெரிந்தது. சைக்கிள் ஆடியது.

"என்னடியப்பா சிரிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை," என்றாள் செல்வநாயகி. "சங்கத்தடியிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. சாக்கு அங்கை கிடக்கு. இரவைக்குச் சொதிக்கு வெங்காயம் வேணும்."